கடுகளவு பூமி

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளியில் பணித்தவண்ணம் கிரகங்களின் மாதிரியை அமைக்க முற்பட்ட என் பேத்திக்குக் கடையில் கிடைத்த தெர்மோகோல் உருண்டைகளில், வியாழனும் பூமியும் ஏறக்குறைய ஒரே பருமனாயிருக்கக் கண்டு மனம் வருந்தினேன். பூமியை 2 மில்லிமீட்டர்க் கடுகாகக் கொண்டால், வியாழன் ஒரு நெல்லிக்காய். சூரியனோ 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து. அக்கடுகை உள்ளங்கையில் ஏந்தி, வாசலில் வைத்த பந்திலிருந்து 23 மீட்டர் நடந்து, தெருவிளக்கினடியில் நின்று திரும்பி நோக்கிய குழந்தை வெகுநேரம் வாய்திறவாதிருந்தாள். கொண்டைக்கடலையான நெப்டியூனை வைக்கவோ, 700 மீட்டருக்கப்பால் குளக்கரை வரை செல்லவேண்டியதாயிற்று. வர்ண அட்டைகளால் சித்திக்காத இந்த விஸ்தீரண உணர்ச்சியை, உபாத்தியாயர்கள் மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்று அளிக்க வேண்டுமென்றும், விலைக்கு வாங்கிய மாதிரிகளுக்கு மதிப்பெண் வழங்குவதை நிறுத்த வேண்டுமென்றும் பணிவுடன் பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்