தலயும் வடக்கனும்

2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, காவிரிக்காக எழுந்த போராட்டத்தின் சினம் மைதானத்துக்குள்ளும் காலணிகளாக வந்து விழுந்தது. சென்னை அணி தன் மண்ணில் ஆடவேண்டிய எஞ்சிய ஆறு ஆட்டங்களும் புனே நகரை ஒட்டிய கஹுஞ்சே மைதானத்துக்கு மாற்றப்பட்டன. ஏப்ரல் 20 அன்று அங்கே நடந்த முதல் ஆட்டத்தைக் காண, 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்னும் சிறப்பு ரயிலில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தனர். அவர்களோடு, ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர் போன்றோர்க்கும் அந்த மைதானம் சில வாரங்கள் சேப்பாக்கமாயிற்று. மராத்தி மண்ணில் ஒலித்த தமிழ்ச் சொற்களுள் முதன்மையானது 'தல'. அச்சொல்லுக்கு உரியவரோ ராஞ்சியில் பிறந்த மகேந்திர சிங் தோனி. 2016இல் புனே அணிக்கே தலைவராக இருந்தவர்.

இச்சொல் இலக்கண நோக்கில் கவனிக்கத்தக்கது. 'தலை' என்பதன் ஈற்று ஐகாரம் பேச்சில் அகரமாகி நிற்கிறது. உறுப்பைக் குறிக்கும் அஃறிணைப் பெயர். 'அர்' என்னும் மரியாதை விகுதியும் இல்லை. ஆயினும் வினை உயர்திணையில், மரியாதைப் பன்மையில் வருகிறது: 'தல வந்துட்டாரு'. பெயர் நெருக்கத்தைக் காட்ட, வினை மதிப்பைக் காட்டுகிறது. 2001இல் வெளியான 'தீனா' படத்துக்குப் பின் இது நடிகர் அஜித் குமாரின் அடைமொழியாக நிலைத்தது. 2021 டிசம்பரில் தம்மை அவ்வாறு அழைக்கவேண்டாம் என அவரே கேட்டுக்கொண்டார். அதற்குள் கிரிக்கெட்டில் அச்சொல் தோனிக்கு உரியதாக வேரூன்றியிருந்தது. உத்தரப் பிரதேசத்தின் சுரேஷ் ரெய்னா 'சின்னத் தல' ஆனார். குஜராத்தின் ரவீந்திர ஜடேஜா 'தளபதி' ஆனார். பிறப்பிடமோ தாய்மொழியோ இதற்குத் தடையாகவில்லை.

வேற்று மொழியினரைப் புகழ்வது எளிதன்று என்பதற்கு அமெரிக்கப் பேஸ்பால் ஒரு சான்று. 2008 மார்ச் 31 அன்று சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் ஜப்பானிய வீரர் கோசுகே ஃபுகுடோமே தம் முதல் ஆட்டத்தை ஆடினார். 'நடக்கத்தான் போகிறது' என்னும் நம்பிக்கை வாசகத்தை ஜப்பானிய எழுத்திலும் பொறித்த அட்டைகளை ரசிகர்கள் உயர்த்திப் பிடித்தனர். ஆனால் அதில் இருந்த 'கூசென் த சோ' என்னும் தொடருக்குப் பொருள் 'இது தற்செயல்தான்' என்பது. அன்று அவர் ஒன்பதாம் சுற்றில் அடித்த ஹோம் ரன் ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தது; அரங்கமோ அதைத் தற்செயல் என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அப்பிழை அன்பால் விளைந்தது, சிரித்துக் கடக்கலாம். 2021இல் நடந்தது வேறு. ஷோஹே ஒஹ்டானியின் ஆற்றலை அமெரிக்கா வியந்துகொண்டிருந்த அதே ஆண்டில், அவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுவது விளையாட்டின் வளர்ச்சிக்கு ஊறு என்று ஒரு தொலைக்காட்சி விமர்சகர் கூறினார். பின்னர் மன்னிப்புக் கோரினார். அடுத்த மாதம் மற்றொரு வர்ணனையாளர் ஒஹ்டானி மட்டை பிடிக்க வந்தபோது ஆசிய உச்சரிப்பைப் பகடி செய்வதுபோல் பேசி இடைநீக்கத்துக்கு ஆளானார். ஆட்டத்துக்குக் கிடைத்த புகழ் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த அளவுகோலில் தமிழ் உயர்ந்து நிற்பதாகத் தோன்றும். தோனி தமிழில் பேசியே ஆகவேண்டும் என்பது எந்நாளும் அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையாக இருந்ததில்லை. ஆனால் அதே தமிழில் இன்னொரு சொல்லும் வழங்குகிறது: 'வடக்கன்'. கட்டடப் பணியிலும் பின்னலாடை ஆலையிலும் உணவகச் சமையற்கட்டிலும் உழைக்கும் பீகாரியருக்கும் ஒடியருக்கும் ஜார்க்கண்டியருக்கும் வைக்கப்பட்ட பெயர் அது. திசைப்பெயரோடு ஒருமை 'அன்' விகுதி சேர்ந்தது. வினையும் பெரும்பாலும் 'வந்தான்' என்றே முடிகிறது. அச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட தமிழ்ப்படம் தணிக்கைக் குழுவின் மறுப்பால் 2024இல் 'ரயில்' எனப் பெயர் மாற்றி வெளியிட நேர்ந்தது. ராஞ்சியிலிருந்து மட்டையோடு வந்தவர் 'தல'. அதே ராஞ்சியிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர் 'வடக்கன்'. வேறுபாடு ஊரிலோ மொழியிலோ இல்லை, கூலியில் இருக்கிறது.

உள்ளூர் உழைப்பாளரின் கூலி குறைகிறதே என்னும் கவலை பொய்யன்று. எனினும் கூலியைக் குறைப்பவர் குறைந்த கூலிக்கு ஆள் தேடும் முதலாளி. இழிபெயரோ அவரைத் தொடுவதில்லை. திசையால் பெயரிடப்படுவதன் வலியையும் தமிழர் அறிவர். 1960களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியருக்கு எதிரான இயக்கம் நடந்தபோது, எழுத்தரும் தட்டச்சரும் உணவகத் தொழிலாளரும் 'மதராசி' என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்னும் அதே குற்றச்சாட்டு அன்று மராத்தியில் ஒலித்தது. அதே மகாராஷ்டிரம்தான் 2018இல் சேப்பாக்கத்தை இழந்த அணிக்கு ஆடுகளம் தந்தது. மராத்தியர் 'ஷாப்பாஸ்' என்பதும் தமிழர் 'சபாஷ்' என்பதும் 'மகிழ்ந்திரு' எனப் பொருள்படும் ஒரே பாரசீகத் தொடரிலிருந்து வந்தவை. புகழ்ச்சொற்கள் எல்லை கடந்தே வந்திருக்கின்றன.

பள்ளி இலக்கணத்தில் சினையாகுபெயருக்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்பது. அங்கே 'தலை' என்பது தலைவரைக் குறிப்பதில்லை; வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் குறிக்கிறது. ஒருவருக்கும் கூடாது, ஒருவருக்கும் குறையாது. மைதானத்தில் ஒருவருக்கு வாரி வழங்கும் மதிப்பில் சிறு பங்கையேனும் கட்டடச் சாரத்தின்மேல் நிற்பவருக்கும் தர, புதுச் சொல் எதுவும் வேண்டியதில்லை. 'வந்தான்' என்பதை 'வந்தார்' என்று மாற்றினால் போதும்.