மென்பொருள் வந்துவிட்டது, உதவிக்கு ஆள் எங்கே?

மைக்கை அணைத்து வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பாடம் நடத்திய பேராசிரியர். மாணவர் அனுப்பிய கோப்பைத் திறக்கத் தெரியாமல் "பிரிண்ட் எடுத்துக் கொண்டு வாப்பா" என்ற துறைத்தலைவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கல்லூரிகள் கணினித் திரைக்குள் குடிபெயர்ந்த நாளில் இருந்து இத்தகைய கேலிகளுக்குப் பஞ்சமே இல்லை. வாத்தியாரைக் கேலி செய்வது மாணவர்களின் பிறப்புரிமை, அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேலி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது என்பதுதான் வருத்தம்.

"வாத்தியாருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்பது ஒரு வசதியான பொய். வசதி யாருக்கு? நிர்வாகத்துக்கு! மென்பொருளை நிறுவியதோடு தன் கடமை முடிந்தது என்று கை கழுவிவிடும் நிர்வாகத்துக்கு, தவறு நேரும்போதெல்லாம் பழியைப் போட ஒரு ஆள் வேண்டும். ஐம்பத்தைந்து வயது பேராசிரியரைவிட அதற்கு வசதியான ஆள் கிடைப்பாரா?

இணையவழியில் அசைன்மெண்ட் வாங்குவது என்றால் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பயன்படும் மூடில் என்ற மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு அசைன்மெண்ட்டை உருவாக்கப் போனால் நான்கு தேதிகள் கேட்கும். எப்போதிலிருந்து அனுப்பலாம் என்பது ஒன்று. கெடு எப்போது என்பது இரண்டு. கதவை எப்போது அடைப்பது என்பது மூன்று. திருத்தி முடிக்க ஆசிரியருக்கு எப்போது நினைவூட்டுவது என்பது நான்கு. கெடு தேதியை மட்டும் கொடுத்தால், தாமதமாக வரும் விடைத்தாளையும் மென்பொருள் வாங்கிக்கொண்டு "தாமதம்" என்று ஒரு குறிப்பு மட்டும் போடும். கதவடைப்புத் தேதியையும் கொடுத்துவிட்டால் ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் வாங்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் ஒரு ஆசிரியர் அந்தப் பெட்டியில் டிக் அடித்தால், அறுபது பேர் வகுப்பில் பத்து பேர் வெளியே நிற்பார்கள். அந்தப் பத்து பேரில் ஊரில் மின்சாரம் போய்விட்ட மாணவியும் இருப்பாள், ஊர் சுற்றிவிட்டு வந்தவனும் இருப்பான். மென்பொருளுக்கு இருவரும் ஒன்றுதான்.

இன்னொரு பொத்தான் இருக்கிறது. மாணவர் கோப்பை ஏற்றிய பிறகு "சமர்ப்பிக்கிறேன்" என்று தனியாக ஒருமுறை அழுத்த வேண்டுமா, வேண்டாமா என்று ஆசிரியர் தேர்ந்தெடுக்கலாம். "வேண்டும்" என்று வைத்துவிட்டு அதை வகுப்பில் சொல்ல மறந்தால், கோப்பை ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போன மாணவரின் விடைத்தாள் வெறும் வரைவாகவே கிடக்கும். மாணவர் அனுப்பிவிட்டேன் என்பார், ஆசிரியர் வரவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை!

அடுத்தது கோப்பின் அளவு. மூடில் இயங்குவது பிஎச்பி என்ற மொழியில். அந்த மொழியின் அடிப்படை அமைப்பில் ஒரு கோப்பு 2 எம்பிக்கு மேல் ஏறாது, சர்வரைப் பராமரிப்பவர்தான் அதை உயர்த்தி வைக்க வேண்டும். இன்றைய கைப்பேசியில் விடைத்தாளின் ஒரே ஒரு பக்கத்தைப் படமெடுத்தால் அதுவே 2 எம்பியைத் தாண்டும். பத்துப் பக்கம் எழுதிய மாணவர் என்ன செய்வார்? யாரோ ஒருவர் சர்வரில் ஒரு வரியை மாற்றவில்லை என்பதற்காகத் தமிழ்ப் பேராசிரியரிடமும் வரலாற்றுப் பேராசிரியரிடமும் போய் "சார் ஏறவே மாட்டேங்குது" என்று மாணவர்கள் கெஞ்ச வேண்டும். அவர் என்ன செய்வார் பாவம்? அது அவர் படித்த படிப்பும் அல்ல, அவர் கையில் இருக்கும் அதிகாரமும் அல்ல.

இவை எதுவும் அறிவுக்குறைவு சம்பந்தப்பட்ட விஷயங்கள் அல்ல. பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் தீரும். அந்த ஒருவரைத்தான் கல்லூரிகள் நியமிப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூடில் பிறந்ததே அப்படிப்பட்ட ஒரு உதவியாளரின் கையில்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில், வெப்சிடி என்ற பழைய மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர் மார்ட்டின் டூகியாமாஸ். அதன் குறைகளைக் கண்டு அலுத்துப்போய் அவர் எழுதத் தொடங்கியதுதான் மூடில். அதன் முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. உரிமக் கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் நிர்வாகங்களின் காதில் விழுந்தது அந்த "கட்டணம் கிடையாது" மட்டும்தான். மென்பொருள் இலவசம், ஆனால் அதை நடத்தும் மனிதர் இலவசம் அல்ல என்ற மறுபாதி காதில் விழவே இல்லை.

பிரிட்டனில் இதற்கென்றே தனியாக ஒரு தொழில் இருக்கிறது. கற்றல் தொழில்நுட்பர் என்று பதவிப் பெயர். அவர்களுக்கான சங்கம் 1993 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து, "உங்கள் பாடத்துக்கு இந்த அமைப்பு சரிவரும், இது சரிவராது" என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு வேலை இருக்கிறது, அதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற அறிவாவது இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் அந்த நாற்காலியே கிடையாது. கணினித்துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியரின் தலையில் அந்த வேலையையும் கட்டிவிடுகிறார்கள். அவர் வகுப்பும் எடுக்க வேண்டும், தேர்வுப் பணியும் பார்க்க வேண்டும், மற்ற துறை ஆசிரியர்களின் பாஸ்வேர்டும் மாற்றித் தர வேண்டும். இதற்கு அவருக்கு ஒரு மணி நேரமாவது பணிச்சுமையில் கழிக்கப்படுகிறதா?

"பயிற்சி கொடுக்கிறோமே!" என்பார்கள். கொடுத்தார்கள். மத்திய அரசு 2018இல் அர்பிட் என்ற பெயரில் இணையவழிப் புத்தாக்கப் பயிற்சியே தொடங்கியது. 2020இல் ஊரடங்குக் காலத்தில் வெபினார்கள் மழை போலக் கொட்டின. உள்ளே நுழைந்தால் பெயர்ப்பதிவு, முடிந்ததும் கூகுள் படிவம், மறுநாள் மின்னஞ்சலில் வண்ணச் சான்றிதழ். சான்றிதழ்களைச் சேர்த்தவர்களில் எத்தனை பேர் மறுவாரம் தாங்களாகவே ஒரு அசைன்மெண்ட் பக்கத்தை உருவாக்கினார்கள்? பயிற்சி வேறு, உதவி வேறு. நீச்சல் பற்றி இரண்டு நாள் சொற்பொழிவு கேட்பது பயிற்சி. தண்ணீரில் இறங்கியதும் பக்கத்தில் ஒருவர் நிற்பது உதவி. கெடு முடிகிற இரவு பதினோரு மணிக்கு ஏதாவது கோளாறு என்றால் எந்தச் சான்றிதழ் வந்து போனை எடுக்கும்?

உதவி இல்லாமல் இறக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இறுதி ஆண்டுத் தேர்வை நடத்தியே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஜூலையில் சொன்னது, உச்ச நீதிமன்றமும் ஆகஸ்ட் 28 அன்று அதை உறுதி செய்தது. ஏ4 தாளில் எழுது, படமெடு, பிடிஎஃப் ஆக்கு, ஏற்று என்று மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. அடுத்து அண்ணா பல்கலைக்கழகம். 2020 நவம்பர்-டிசம்பர் பருவத் தேர்வை 2021 பிப்ரவரியில், கேமரா வழியாகக் கண்காணிக்கும் முறையில் நடத்தியது. முடிவுகள் வந்ததும் மாணவர்கள் கொதித்தார்கள். ஏராளமானோர் தேர்ச்சி பெறவில்லை, பலருடைய முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த ஆண்டு மே மாதம், புதிதாகப் பொறுப்பேற்ற உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு மென்பொருள் "சந்தேகம்" என்று கொடி காட்டினால், அதன் மேல் கடைசி முடிவு எடுக்க வேண்டியவர் ஆசிரியர். அந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டாமா?

காப்பியடித்தலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களின் கதையும் இதேதான். மானியக் குழுவின் 2018 விதிகள் ஆய்வேடுகளுக்கு வரம்பு வைத்தன. ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. சரி. ஆனால் அதே விதிகள், மேற்கோள்கள், நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான தற்செயல் ஒப்புமையையும் விட்டுவிட வேண்டும் என்றும் சொல்கின்றன. இவற்றை நீக்கிப் பார்க்க மென்பொருளில் சில அமைப்புகளை மாற்ற வேண்டும். மாற்றாமல் பார்த்தால் 9 சதவீதம் 23 ஆகத் தெரியும், ஒரு ஆய்வாளரின் ஆறு மாதம் போகும். இன்னும் ஒன்று: ஒவ்வொரு பருவத்திலும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. தண்டனைப் பக்கத்தை மனப்பாடம் செய்த நிர்வாகங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டினார்களா?

தமிழ் ஆய்வேடுகளுக்கு இன்னொரு கூத்து உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், ஆனால் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பை. மென்பொருள் அந்தக் குப்பையைத்தான் படிக்கும். பக்கம் பக்கமாகக் காப்பியடித்த ஆய்வேடும் அதில் பத்தரைமாற்றுத் தங்கமாக வெளியே வரும்! ஒழுங்காக யூனிகோடில் எழுதிய ஆய்வாளர்தான் சோதனையில் சிக்குவார். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். இதைத் தமிழ்த்துறைக்கு எடுத்துச் சொல்லி, பழைய கோப்புகளை மாற்றிக் கொடுக்க ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆள் எங்கே?

விஷயம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023இல் டர்னிட்டின் நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டதைக் கண்டுபிடிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. தவறு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். தாங்கள் 2022இல் அந்த மென்பொருளுக்கு அனுப்பிய கட்டுரைகள் 75,000. அதில் ஒரு சதவீதம் என்றால் 750 கட்டுரைகள் மீது வீண்பழி. அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதையே வேலையாகக் கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள்.

இதிலெல்லாம் மிகவும் நசுங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கும் இவர்களில் பலர் சொந்த ஜிமெயிலிலும் சொந்த வாட்ஸப்பிலும் அசைன்மெண்ட் வாங்குகிறார்கள். சொந்தக் காசில் டேட்டா போடுகிறார்கள். அவர் வேலையை விட்டுப் போனால் மாணவர்களின் விடைத்தாள்களும் மதிப்பெண் விவரமும் அவரோடு போகும். பிறகு ஒரு மாணவர் மதிப்பெண்ணில் சந்தேகம் என்று வந்தால் கல்லூரியிடம் காட்ட எதுவுமே இருக்காது.

"பணம் இல்லை" என்பது கடைசி பதில். கட்டிடத்துக்கு இருக்கிறது, ஸ்மார்ட் போர்டுக்கு இருக்கிறது, தரமதிப்பீட்டுக் குழு வரும்போது வளாகத்துக்கு வெள்ளையடிக்க இருக்கிறது. ஆளுக்கு மட்டும் இல்லை! இலவசமாகக் கிடைப்பதை நம்பி எவ்வளவு காலம் ஓட்டுவது? கூகுள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்குக் கொடுத்துவந்த அளவில்லாச் சேமிப்பிடத்தை நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்து, 2022இல் ஒரு நிறுவனத்துக்கு 100 டிபி என்று அளவு வைத்துவிட்டது. கொடுத்தவன் எந்த நாளும் எடுத்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியவை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் கற்றல் மென்பொருளுக்கென்று ஒரு முழுநேரப் பணியிடம். கௌரவ விரிவுரையாளர் உட்பட எல்லா ஆசிரியருக்கும் கல்லூரியின் பெயரில் கணக்கு. மதிப்பெண்ணுக்கான முதல் சமர்ப்பிப்புக்கு முன்னால் மதிப்பெண் இல்லாத ஒரு ஒத்திகை. சமர்ப்பித்ததும் மாணவர் கைக்கு ஒரு ரசீது. சர்வர் கோளாறு என்றால் மாணவருக்குத் தண்டனை இல்லை என்று எழுத்தில் ஒரு விதி. பக்கங்களை அமைக்கவும் திரையில் திருத்தவும் ஆகும் நேரம் ஆசிரியரின் பணிநேரத்தில் சேர வேண்டும்.

இது வாத்தியார்களுக்காக மாணவர்கள் காட்ட வேண்டிய இரக்கம் அல்ல. ஆசிரியர் தவறான பெட்டியில் டிக் அடித்தால் பூஜ்யம் விழுவது மாணவருக்குத்தான். அடுத்த முறை "சாருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று சிரிக்கும் முன், சாருக்குச் சொல்லித்தர வேண்டியவர் யார், அவரை ஏன் இன்னும் நியமிக்கவில்லை என்று முதல்வர் அறையில் போய்க் கேளுங்கள். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.