முகவர் யார் பக்கம்?

மறுவிற்பனை வீடு ஒன்றின் விளம்பரம் கண்ணில் படுகிறது. அதிலுள்ள எண்ணை அழைக்கிறீர்கள். எடுத்தவர் கனிவாகப் பேசி, சனிக்கிழமை வீட்டைக் காட்டுகிறார். வங்கிக் கடன், வழக்கறிஞர், மத்திய சேம நிதி என்று நீங்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். நமக்கு நல்ல முகவர் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறீர்கள்.

அவர் உங்கள் முகவர் அல்லர். விற்பவரின் முகவர். விற்பவருக்கு நல்ல விலை வாங்கித் தருவதுதான் அவர் ஏற்றுக்கொண்ட வேலை. “எவ்வளவு வரை போகலாம் என்று இருக்கிறீர்கள்?” என்று அவர் சிரித்தபடி கேட்கும்போது மனத்தில் உள்ள தொகையைச் சொல்லிவிட்டால், அது அன்று மாலையே விற்பவரின் காதுக்குப் போய்விடும். அதில் அவர்மீது குறை சொல்லவும் முடியாது.

“உங்களுக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே வீட்டு விற்பனையில் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே முகவர் செயல்படுவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே, வாங்குபவருக்கு இரண்டே வழிகள்: தமக்கென்று ஒரு முகவரை அமர்த்திக்கொள்வது, அல்லது தாமே செய்துகொள்வது.

தாமே செய்துகொள்வது பலர் நினைப்பதுபோல் பெரிய காரியமல்ல. வீவக மறுவிற்பனை இணையவாசலில் முகவர் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். படிவங்களைப் படித்துப் புரிந்துகொள்ளவும் விலை பேசவும் நேரமும் தைரியமும் இருந்தால் போதும். இல்லை, துணை வேண்டும் என்றால், அந்தத் துணையை வீட்டைத் தேர்ந்தெடுக்கும் அதே கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சிஇஏ எனப்படும் சொத்து முகவைகள் மன்றம் 2010ஆம் ஆண்டிலிருந்து முகவர்களைக் கண்காணித்து வருகிறது. அதன் இணையப் பதிவேட்டில் முகவரின் பெயரையோ பதிவு எண்ணையோ கைப்பேசி எண்ணையோ தட்டினால் விவரம் வந்துவிடும். எண் அங்கே இல்லையென்றால் பேச்சைத் தொடர வேண்டாம்.

பெயர் இருப்பதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அவர் முடித்துக்கொடுத்த விற்பனைகளும் அதே பதிவேட்டில் இருக்கும். எந்த வட்டாரம், எந்த வகை வீடு, விற்பவருக்காகச் செயல்பட்டாரா வாங்குபவருக்காகவா என்பதெல்லாம் தெரியும். ஈசூனில் ஐந்தறை வீடு தேடும் உங்களுக்கு, வாடகை வீடுகளை மட்டுமே பார்த்து வந்தவர் எவ்வளவு உதவுவார் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அடுத்து, அவரோடு உட்கார்ந்து பேசும்போது அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். விவரம் தெரிந்தவர், வீவகவின் வீட்டுத் தகுதிக் கடிதம் வாங்கிவிட்டீர்களா என்று முதலிலேயே கேட்பார். எவ்வளவு கடன் கிடைக்கும், மானியம் உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்தக் கடிதம் இல்லாமல் விற்பவரிடமிருந்து ‘ஆப்ஷன்’ பெற முடியாது.

நம்மவர்களுக்கு இன்னொரு கேள்வி மிக முக்கியம். 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்குக்கும் அக்கம்பக்கத்துக்கும் இன விகித வரம்பு உண்டு. ஒரு புளோக்கில் இந்தியர், பிற இனத்தவருக்கான வரம்பு எட்டிவிட்டால், அங்கு இந்தியர் ஒருவர் அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். இந்த நிலவரத்தை வீவக இணையத்தளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் உங்களை மூன்று வாரயிறுதிகள் அலையவிடுபவர் உங்கள் நேரத்தை மதிப்பவர் அல்லர்.

முகவரின் உண்மையான திறமை விலை பேசும்போதுதான் தெரியும். மறுவிற்பனை வீட்டின் மதிப்பீடு, விலை பேசி ஆப்ஷன் பெற்ற பிறகுதான் தெரியவரும். 620,000 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டீர்கள், மதிப்பீடு 590,000 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 30,000 வெள்ளியை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். சேம நிதியோ வீட்டுக் கடனோ அதற்கு உதவாது. அதனால், “இந்த விலை சரி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அதே புளோக்கில், பக்கத்துப் புளோக்குகளில், அதே மாடி உயரத்தில் அண்மையில் என்ன விலைக்குப் போயிற்று, குத்தகைக் காலம் எவ்வளவு மீதி என்று தகவலோடு பதில் வர வேண்டும். “இப்போது விட்டால் கிடைக்காது” என்பது பதிலாகாது.

கட்டணம் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். தரகுக் கட்டணத்துக்குச் சட்டத்தில் நிர்ணயித்த விகிதம் எதுவும் இல்லை, பேசித் தீர்மானிப்பதுதான். வீவக மறுவிற்பனையில் வாங்குபவர் ஒரு விழுக்காடு தருவது பரவலான வழக்கம். 600,000 வெள்ளி வீட்டுக்கு அது 6,000 வெள்ளி. முகவை நிறுவனம் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால், 9 விழுக்காடு வரியோடு 6,540 ஆகும்.

எதையும் எழுத்தில் வாங்குங்கள். சிஇஏ வகுத்த ஒப்பந்தப் படிவங்கள் இருக்கின்றன. கையெழுத்திடும் முன், அது அந்த ஒருவருக்கு மட்டுமே உரிமை தரும் பிரத்தியேக ஒப்பந்தமா என்று பாருங்கள். அப்படியானால் அதன் காலம் மூன்று மாதங்களுக்கு மேல் போகக்கூடாது; அதற்குள் வேறொருவர் மூலம் வாங்கினாலும் இவருக்குக் கட்டணம் தர நேரலாம். ஆப்ஷன் பணத்தை முகவர் கையில் கொடுக்காதீர்கள். வீடு வாங்கும், விற்கும் பணத்தை முகவர்கள் கையாளவே கூடாது என்பது விதி. பணம் நேராக விற்பவருக்குப் போக வேண்டும்.

மாமா மகன் முகவராக இருக்கிறார், கோயிலில் பழக்கமானவர் என்பதெல்லாம் நம் வீடுகளில் சகஜம். தாராளமாக அவரையே அமர்த்தலாம். ஆனால் மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுகூடக் குறையக்கூடாது. உறவுக்காரர் என்று கேட்காமல் விட்டால், பிறகு பணத்தோடு உறவும் கெடும்.

கடைசியாக ஒரு கணக்கு. விலையில் 20,000 வெள்ளி கூடினால் அது முழுவதும் உங்கள் பணம். ஒரு விழுக்காடு பெறும் முகவருக்கு அதனால் கூடுவது 200 வெள்ளிதான். அந்த 200 வெள்ளிக்காக அவர் விலையை ஏற்றிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த 20,000த்தைக் குறைக்க இன்னும் இரண்டு வாரம் மெனக்கெடவும் அவருக்குப் பெரிய காரணம் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தால்தான் அவருக்கு வருமானம்.

அப்படியிருந்தும், “இந்த விலைக்கு இந்த வீடு வேண்டாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்” என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அவரை விட்டுவிடாதீர்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது.