‘ஓஜி குஷ்’: கஞ்சா ரகத்தின் பெயரையும் மணத்தையும் நம்பலாமா?

பாங்காக்கிலிருந்து சென்னை வந்திறங்கிய பயணியின் பெட்டியில் ‘ஹைட்ரோபோனிக் கஞ்சா’ சிக்கியதாக வரும் செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஜூனில் அதன் பூவை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்தது. கடத்தி வரப்படுவது, மண்ணின்றி ஊட்டச்சத்துக் கரைசலில் வளர்க்கப்பட்ட பூவாகும். நாளிதழ்கள் இதனை ‘உயர் ரகக் கஞ்சா’ என எழுதுகின்றன. பொருத்தமற்ற சொல் இது. இதில் உயர்ந்திருப்பது தரம் அன்று. போதை தரும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளின் அளவே.

இத்தகைய பூக்கள் பெயரிட்டு விற்கப்படுகின்றன. மிகவும் அறியப்பட்ட பெயர்களுள் ஒன்று ‘ஓஜி குஷ்’. இந்த ரகம் மனத்தை அமைதிப்படுத்தும், உறக்கம் தரும், பாதுகாப்பானது என்று உங்களிடமோ உங்கள் பிள்ளையிடமோ ஒருவர் கூறக்கூடும். அக்கூற்று எந்த அளவுக்கு உண்மை?

முதலில் மரபியல். ஓஜி குஷ் 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புகழ்பெற்றது. ‘குஷ்’ என்பது இந்துகுஷ் மலைத்தொடரைச் சுட்டுகிறது. ஃப்ளோரிடாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட செடி என்றும், ‘கெம்டாக்’ என்னும் ரகத்தின் வழிவந்தது என்றும் கூறப்படுகிறது. எல்லாம் செவிவழிச் செய்திகளே. ‘ஓஜி’ என்பதன் விரிவுக்கே பல விளக்கங்கள் உலவுகின்றன. ஆடுதுறை நெல் ரகம் ஒன்று வெளியிடப்படும்போது அதன் பெற்றோர் ரகங்கள் பதிவு செய்யப்படுகின்றன. சட்டத்துக்குப் புறம்பாக வளர்க்கப்பட்ட செடிக்கு அத்தகைய பதிவேடு இருக்க வழியில்லை.

கொலராடோ, கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் வாங்கப்பட்ட 30 ரகங்களின் 122 மாதிரிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரே பெயரில் விற்கப்பட்ட பூக்கள் பல நேரங்களில் மரபணு அளவில் ஒத்திருக்கவில்லை. ‘இண்டிகா’ உறக்கம் தரும், ‘சட்டைவா’ ஊக்கம் தரும் என்னும் பிரிவினையும் நிலைக்கவில்லை. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு, இவ்விரு பெயர்களும் ஒட்டுமொத்த மரபணு வேறுபாட்டைக் காட்டவில்லை என்றும், சில மணச் சேர்மங்களுடன் மட்டுமே தொடர்புடையன என்றும் கண்டறிந்தது. அனுமதி பெற்ற கடைகள் உள்ள நாடுகளிலேயே நிலை இதுவென்றால், கடத்தல் பொட்டலத்தின் மேல் எழுதப்பட்ட பெயருக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

மணம் உண்மையானதே. ஓஜி குஷ் பூவில் எலுமிச்சை, பைன் மரம், பெட்ரோல் ஆகியவற்றின் வாடை கலந்திருப்பதாகக் கூறுவர். எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன், மிளகில் உள்ள கேரியோஃபிலீன், மாம்பழத்திலும் காணப்படும் மிர்சீன் ஆகிய டெர்பீன்கள் இதற்குக் காரணங்கள். கஞ்சாவுக்கே உரிய காட்டமான நாற்றத்துக்கு, பூண்டில் உள்ளவற்றை ஒத்த கந்தகச் சேர்மங்கள் காரணம் என்பது 2021இல் தெரியவந்தது.

மணம் விளைவை மாற்றுமா? 2024இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 20 பேரிடம் டி.எச்.சி. தூண்டிய பதற்றத்தை லிமோனீன் ஓரளவு குறைத்தது. ஆனால் அது தூய வேதிப்பொருள்களை அளந்து கொடுத்த ஆய்வகச் சோதனை, டி.எச்.சி.யின் பிற விளைவுகள் பெரிதும் மாறவில்லை. எலுமிச்சை மணம் வீசும் பூ பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

விளைவைப் பெரிதும் தீர்மானிப்பது டி.எச்.சி.யின் அளவும், பயன்படுத்துபவரின் வயதும் உடல்நிலையுமே. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995இல் சுமார் 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி., 2022இல் சுமார் 16 விழுக்காடாக உயர்ந்தது. முந்தைய தலைமுறையினர் கண்ட கஞ்சாவை மனத்திற்கொண்டு ‘இதில் ஒன்றும் ஆகாது’ என்று கூறுவோர் இதனைக் கருத வேண்டும். இதயத் துடிப்பு மிகுதல், நினைவுத் தடுமாற்றம், கடும் அச்சம் ஆகியவை உடனடி விளைவுகள். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வின்படி, 10 விழுக்காடும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்தியோரிடம் மனச்சிதைவு போன்ற உளப்பிணி ஏற்படும் வாய்ப்பு, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. பதின்பருவத்தில் தொடங்குவோருக்கு அடிமைப்படும் வாய்ப்பும் அதிகம்.

பலரும் அறியாத அறிகுறி ஒன்று உண்டு. நெடுங்காலம் பயன்படுத்துவோருக்கு அடங்காத வாந்தி விட்டுவிட்டு வரலாம். வெந்நீரில் குளித்தால் மட்டும் தற்காலிகமாகத் தணியும். வீட்டில் எவருக்கேனும் இவ்வாறு இருந்தால், கஞ்சாப் பழக்கத்தை மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். உண்மை தெரியாவிடில் தேவையற்ற பரிசோதனைகளில் காலம் வீணாகும்.

காவல்துறை நடவடிக்கைக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன. கஞ்சாப் பூவைச் சிறிதளவு வைத்திருப்பதும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றமே. எனினும் அதே சட்டத்தின் 64அ பிரிவு, சிறிய அளவு தொடர்பான குற்றச்சாட்டுக்கு உள்ளான அடிமைப்பட்டவர், அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழிசெய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். ஆலோசனைக்குப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 ஆகியவற்றைக் கட்டணமின்றி அழைக்கலாம். நெஞ்சுவலி, நினைவிழப்பு, கட்டுக்கடங்காத மனக்கலக்கம் ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.