இயற்கை முத்திரை இடுப்புக்குத் தெரியாது

போன மாதக் கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார்: "பத்து வருஷமா உப்பு உரம் போடல, மருந்து அடிக்கல. சொந்த வயல் அரிசிதான் திங்கிறேன். எனக்கு எப்படிங்க சர்க்கரை வந்துச்சு?" யாரும் வாய் திறக்கவில்லை. பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நாம் பேசாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு: வயிற்றுக் கொழுப்பு.

மண்ணை உயிரில்லாத பொருள் என்று நினைத்துத்தான் ஒரு காலத்தில் யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டினோம். கொழுப்பையும் அப்படித்தான் வெறும் சேமிப்பு மூட்டை என்று நினைக்கிறோம். அது ஹார்மோன் சுரக்கும் உறுப்பு.

1994-ல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டறிந்தார்கள். கொழுப்புச் செல்கள் சுரக்கும் இந்த ஹார்மோன், 'சேமிப்பு போதும், பசியைக் குறை' என்று மூளைக்குச் சேதி சொல்லும். கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். ஆனால் ராத்திரி முழுக்கக் குரைக்கிற நாயை யாரும் கண்டுகொள்ளாத மாதிரி, மூளை அதைக் காதில் வாங்காது. இன்னொன்று அடிப்போனெக்டின். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுவது. வயிற்றுக்குள் கொழுப்பு ஏற ஏற இது குறைந்துபோகும். கூடவே அந்தக் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் ரத்தத்தில் விடும். வெளியே தெரியாத இந்த அழற்சி வருஷக்கணக்கில் ரத்தக் குழாய்களைக் கெடுத்து, உடம்பைச் சீக்கிரமே மூப்படைய வைக்கும்.

தெற்காசியர்களுக்கு இதில் ஆபத்து கூடுதல். கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். ஐரோப்பிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பு 94 செ.மீ. என்றால் நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80.

விஷமில்லாமல் விளைவிப்பது நம் கடமை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவைப் பாலிஷ் போட்டு மூணு வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டாலும், மரச்செக்கு எண்ணெய்தானே என்று தாராளமாக ஊற்றினாலும், மிச்சம் வயிற்றில்தான் சேரும். தாத்தா ஏருக்குப் பின்னால் நடந்தார். நாம் டிராக்டரிலும் பைக்கிலும் உட்கார்ந்திருக்கிறோம். சாப்பாட்டு அளவு மட்டும் தாத்தாவோடது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நம் சந்தைகளிலேயே சிலர் "கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம், சர்க்கரை ஏறாது" என்று சொல்லி விற்கிறார்கள். ஏறும். பொய் சொல்லி உரம் விற்றவர்களை எதிர்த்து வந்தவர்கள் நாம். நாமே அப்படி விற்கலாமா?

அடுத்த கூட்டத்துக்கு விதையோடு ஒரு இஞ்சு டேப்பும் கொண்டு வாருங்கள். மூச்சை விட்டபிறகு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்கணும். முதலில் என்னை அளந்தேன்: 96. தீட்டாத அரிசிக்கு மாறி, தட்டில் பாதிக்குக் காய்கறி வைத்து, வயலுக்கு நடந்து போக ஆரம்பித்திருக்கிறேன்.