காருக்கு இடம், உழைப்பாளிக்கு வாடகை!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து ஒரு துறைமுக நகரம். 1961-இல் அந்த நகரசபை ஒரு விதி செய்தது. புதிதாக அடுக்கு வீடு கட்டினால், குடித்தனத்துக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம்! குடியிருப்பவனிடம் கார் உண்டா என்று விதி கேட்கவில்லை.

விளைவு என்ன? வீடு ஒன்றுக்குக் கட்டும் செலவு 18 சதவீதம் ஏறியது. ஒரு ஏக்கரில் எழும் வீடுகள் 30 சதவீதம் குறைந்தன. பஸ்ஸில் வேலைக்குப் போகிறவனும், தன்னிடம் இல்லாத காருக்கு வாடகை அழுதான். இது என்ன நியாயம்?

எல்லா விதியும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கார் நிற்குமிடம் தெருவை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும், இடையே மரமும் செடியும் வளர்க்க வேண்டும் என்பது நல்ல விதி. அது நடந்து போகிறவனுக்கு நிழல். அதே மாநிலத்துச் சாக்ரமென்டோ நகரம், 15 ஆண்டுகளுக்குள் நிறுத்துமிடத்தில் பாதிக்கு மரநிழல் வேண்டுமென்று 1983-இல் விதித்தது. அத்தகைய விதியில் கை வைக்கக் கூடாது.

2022-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. ரயில் நிலையத்துக்கும் பெரிய பஸ் நிறுத்தத்துக்கும் அரை மைலுக்குள் எழும் பெரும்பாலான கட்டிடங்களுக்குக் கார் இடத்தை இனி நகரசபை கட்டாயமாக்க முடியாது. இதை வரவேற்கிறோம்.

ஆனால், மிச்சமாகும் பணம் யாருக்கு? கட்டிட முதலாளியின் பெட்டிக்கா, குடியிருப்பவனுக்கா? வாடகை இறங்கினால்தான் உழைப்பாளிக்கு வெற்றி. அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்!