ஜீப் நடுங்குகிறது, எதை மாற்றுவது?

உயரமான குடும்ப வாகனம் எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும் அதனை ‘ஜீப்’ என்றே அழைப்பது இலங்கையில் நமது வழக்கம். அந்த ஜீப்புகளுக்கு இப்போது வயதாகி வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினோம். புதியதன் விலையைக் கேட்டுவிட்டுப் பலர் இன்னமும் அவ்வாறே ஓடுகின்றனர். எனவேதான் “ஓடும்போது நடுங்குது” என்ற முறைப்பாடு அடிக்கடி காதில் விழுகிறது.

இதற்கு நமது கராஜ்கள் பலவற்றில் கிடைக்கும் பதில், மாற்றவேண்டிய பாகங்களின் பட்டியல்தான். ஷொக் அப்சோபர், போல் ஜொயின்ற், எஞ்சின் மவுண்ட் என ஒவ்வொன்றாக மாற்றப்படும். நடுக்கம் நின்றால் நல்லது, நிற்காவிட்டால் அடுத்த பாகம். உரிமையாளரின் செலவில் நடக்கும் இந்த ஊகத்தைப் பழுதறிதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. எந்த வேகத்தில்? உடலின் எந்தப் பகுதியில் உணர்கிறீர்கள்? என்ன செய்யும்போது?

குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கினால் முன் சில்லுகளையும், இருக்கை நடுங்கினால் பின் சில்லுகளையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க்கின் தடிப்பு சீரற்றுப் போயிருக்கக்கூடும். அக்சிலேற்றரை அழுத்தும்போது நடுங்கிக் காலை எடுத்ததும் அடங்கினால், சில்லுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டுகளையும் அவற்றின் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். வாகனம் நின்றிருக்கும்போதே நடுங்கினால் சில்லுகளை விட்டுவிட்டு எஞ்சினையும் அதன் மவுண்டுகளையும் ஆராய வேண்டும்.

வேகம் பற்றிய கேள்வி ஏன் முக்கியமானது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 17 அங்குல றிம் பூட்டிய சாதாரண ஜீப்பின் சில்லு, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 12 தடவை சுழலும். றிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடிக் குறைந்திருந்தால், அவ்வேகத்தில் அது 4 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் ஒவ்வொரு சுற்றிலும் சில்லை இழுக்கும். 50 கிலோமீற்றர் வேகத்தில் அதே குறை ஒரு கிலோ அளவுக்கே இழுக்கும். ஆகவே, பட்டினத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு “ஒன்றும் தெரியவில்லையே” என்று மெக்கானிக் கூறுவதில் வியப்பில்லை. 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் முதற்பகுதி திறக்கப்படும்வரை, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் சட்டப்படி ஓடக்கூடிய வீதியே இந்நாட்டில் இருக்கவில்லை. வேகமான வீதிகள் வந்துவிட்டன. சோதனை ஓட்டம் இன்னும் சந்தைச் சுற்றிலேயே நிற்கிறது.

சோதிப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். செலவற்றவற்றிலிருந்து தொடங்குவதே முறை. ரயரில் காற்று சரியா? சில்லு நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா? றிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா? மழைக்குப் பின் வன்னியின் உள்வீதிகளில் ஓடிய வாகனத்துக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிகப் பொருந்தும். அடுத்து முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்கு நகர்ந்தால் பழுது சில்லில்தான். அதன் பின்னர் வீல் பலன்சிங் செய்யலாம். அதனையும் அலைன்மன்றையும் பலர் ஒன்றென எண்ணுகின்றனர். வாகனம் ஒரு பக்கம் இழுப்பதையும் ரயர் ஒருபுறமாகத் தேய்வதையும் சரிசெய்வதே அலைன்மன்ற். சில்லின் எடைச் சமநிலையை அது தொடுவதில்லை.

எங்கள் குடும்ப வாகனத்துக்கு ஒரு கராஜில் நான்கு ஷொக் அப்சோபர்களும் மாற்றப்பட்டன. நடுக்கம் போகவில்லை. பின்னர் ஏ-9 வீதியோர ரயர் கடையொன்றில் இருந்தவர் ஜீப்பை ஜக்கில் உயர்த்திச் சில்லைக் கையால் மெதுவாகச் சுழற்றினார். ரயரின் மேற்பரப்பு ஓரிடத்தில் புடைத்திருந்தது. உள்ளிருந்த உருக்குக் கம்பிப் பட்டி பிரியத் தொடங்கியிருந்தது. ரயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள கடைசி நான்கு இலக்கங்களை வாசித்து அதன் வயதையும் கூறினார். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்று பொருள். புதிய ஷொக் அப்சோபர்களுடன், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அந்த ரயரிலேயே தொடர்ந்து ஓடியிருந்தால் அது எங்கே வெடித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

மெக்கானிக்குகளை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. மருத்துவருக்கு ஆலோசனைக் கட்டணத்தைக் கேள்வியின்றிக் கொடுக்கும் நாம், ஒரு மணித்தியாலம் தேடிப் பழுதைக் கண்டுபிடித்தவர் கூலி கேட்டால் “ஒன்றும் மாற்றவில்லையே” என்கிறோம். பாகத்தை மாற்றினால் மட்டுமே பணம் என்றால், அவர் பாகத்தைத்தான் மாற்றுவார். கண்டுபிடிப்பதற்கென்று ஒரு கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நடுக்கம் தோன்றும் வீதியில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், அவரையும் கூட்டிச் சென்று காட்டுங்கள். எதை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படியும் பழைய பாகத்தைக் கையில் தரும்படியும் கேளுங்கள். காரணத்தை எழுத முடியாத திருத்தத்துக்குப் பணம் கொடுக்க வேண்டிய கடமை எவருக்குமில்லை.